தலை எண்ணிக்கை

ஐம்பத்து மூன்று பேர்.
ஆபீசர்ஸ் லைனில் வண்டி ஏறும்போதே
டார்ச் அடித்து எண்ணியவன் நான்.
விடிகாலை நாலரை, தைப் பனி,
டிரைவர் பழைய பேப்பரால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
ஆயர் ஜெபித்தார், சுருக்கமாக, ஆச்சரியம்.
கம்பளி மூட்டை ஏற்ற காந்தி ரோட்டில்
ஐந்து நிமிஷம் நின்றோம்.
பாகாயம் வருவதற்குள் பெண்கள் ஐக்கிய சங்கம்
முதல் பாமாலையை அரைக்கட்டை உயர்த்தி எடுத்துவிட்டது.

கண்ணமங்கலத்தில் டீ.
மறுபடி எண்ணினேன். ஐம்பத்து நான்கு.
இன்னொரு முறை, பின்னாலிருந்து முன்னால்.
ஐம்பத்து நான்கு.

ஒரு ஆடு குறைந்தால் என்ன செய்வதென்று
எங்கள் ஆயர் வருஷத்துக்கு இருமுறை பிரசங்கிப்பார்.
ஒன்று கூடிப்போனால்?

முப்பத்தோராம் சீட்டில் குரங்குக் குல்லாய்.
மடியில் எக்ஸ்ரே உறை.
"திருப்பதி?" என்றார் அந்த மனிதர்,
எங்களைப் பார்த்து, சந்தேகமே இல்லாமல்.
லாட்ஜ்காரன் சொன்ன டூரிஸ்ட் வண்டி இதுதானென்று
அடையாளம் கண்டு ஏறியிருக்கிறார்.
வங்காளம். பெண்சாதி பெரிய ஆஸ்பத்திரியில்,
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.
பார்க்கவிடுவது சாயங்காலம்தான்.
இதையெல்லாம் எப்சிபா டீச்சர்
தன் இந்தியில் பிடுங்கி எடுத்தாள்.

கமிட்டி டீக்கடை பெஞ்சில் கூடியது.
இறக்கிவிட்டு பஸ் காசு கொடுக்கலாம் என்றார் பாக்கியநாதன்.
பொட்டலம் கணக்காகத்தான் இருக்கிறது என்றாள்
பொருளாளர் திரவியமணி; அதுவும் நிஜம்.
பேச்சு முடியுமுன்
டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

போளூர் தாண்டி மலைப்பாதை வளைய வளைய
அவர் ஜன்னலைத் திறந்தார்.
"பாஹாட்," என்றார், விரல் நீட்டி.
மலையென்று சொன்னார்கள், மலை வருகிறது,
அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஜமுனாமரத்தூருக்கு மேலே, தகரம் போட்ட ஜெபவீடு.
கம்பளி மூட்டைகளை அவரும் தூக்கினார்.
நாங்கள் போட்டோவுக்கு நின்று நின்று கொடுக்க
அவர் பாட்டுக்குப் பிரித்து, உதறி,
குளிரில் நின்ற பிள்ளைகள் மேல் போர்த்திக்கொண்டே போனார்.
பதிவேட்டில் கையெழுத்து வாங்க மறந்துபோச்சு.

சாட்சி நேரத்தில் எழுந்துவிட்டார்.
யாரும் கூப்பிடவில்லை.
குல்லாயைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசினார்,
கால் மணி நேரம், வங்காளியில்.
இந்தி மட்டும் தெரிந்த டீச்சர் கையை விரித்தாள்.
நடுவே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது.
அது பெண்சாதி பெயரா, சாமி பெயரா, தெரியாது.
முடித்ததும் மலைச் சனங்கள் ஆமென் சொன்னார்கள்.
அப்புறம்தான் நாங்கள்.

மத்தியானம் என் புளிசாதத்தில் பாதி அவருக்கு.
இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை;
நாலு மணிக்கெல்லாம் பசி கிள்ளியது,
மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் இறங்கும்போது ஏழே கால்.
ஓடப் பார்த்தவர் திரும்பி வந்தார்.
பாக்கெட்டிலிருந்து முந்நூற்றைம்பது, எண்ணி வைத்தது,
திருப்பதிக்கு லாட்ஜ்காரன் சொன்ன ரேட்.
வேண்டாமென்றால் வாங்கிக்கொள்ள மாட்டேனென்கிறார்.
திரவியமணி ரசீது புத்தகத்தை எடுத்தாள்.
பெயர்: நித்தாய் மண்டலம்.
'ம்' மட்டும் அடித்தாள்.
காணிக்கையா, சங்கத் தீர்வையா, நன்கொடையா,
பேனா எதிலும் இறங்கவில்லை.
'இதர' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கணக்கு வாசிக்கப்பட்டது:
மலை ஊழியப் பயணம், வரவு, செலவு,
இதர, முந்நூற்றைம்பது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் மட்டும் திங்கட்கிழமை சாயங்காலம்
கேட்டுக்கு எதிரே போய் நின்றேன்.
பார்வை நேர வரிசை ரோடுவரைக்கும்.
குரங்குக் குல்லாய்கள், எக்ஸ்ரே உறைகள்.
பழக்கதோஷம்,
எண்ண ஆரம்பித்தேன்.